போடிமெட்டு இறக்கமும் இரண்டாம் கியரும் – ஒரு சிறு வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போய் வந்தவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பிக்கும், மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியில் காது அடைக்கும், மேலே போகப் போகக் குளிரும், போடிமெட்டில் இறங்கி ஒரு டீ குடிக்கலாம். எடுத்த போட்டோக்களும் பெரும்பாலும் ஏறும்போது எடுத்தவையாகவே இருக்கும். அதே ரோட்டில் வருஷக்கணக்காக லாரி ஓட்டினவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஏற்றம் இன்ஜின் பாடு, இறக்கம் டிரைவர் பாடு என்பதுதான் அவர்கள் கணக்கு.

இந்தக் கட்டுரை அந்த இறக்கத்தைப் பற்றியது. மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு வண்டியை உலுக்காமல் கொண்டுவரும் வேலை எங்கே பிறந்தது, எப்படி நம் மலைக்கு வந்தது, இன்று ஏன் மறந்துகொண்டு வருகிறோம் என்று பார்க்கலாம். வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கொஞ்சம் கணக்கு வரும், ஆனால் பயப்படும்படி இருக்காது.

பாரம் எல்லாம் கீழ்நோக்கித்தான்

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. போடி ஏலக்காய்க்குப் பேர் போன ஊர். ஆனால் ஏலச்செடி போடியில் விளைவதில்லை. அது விளைவது மேலே, ஏலமலைத் தோட்டங்களில். பறித்த பச்சைக் காயை அங்கேயே 'ஸ்டோர்' என்று சொல்லப்படும் உலர்த்தும் கூடத்தில் காயவைத்து (ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ காய்ந்த காய் கிடைக்கும்) மூட்டை கட்டிக் கீழே அனுப்புகிறார்கள். தரம் பிரிப்பதும் ஏலம் போவதும் போடியில். 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளாவுக்குப் போய்விட்டன. ஆக, தோட்டம் ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம், நடுவில் ஒரு மலைச்சரிவு.

இதை யோசித்துப் பாருங்கள். மேலே போவது அரிசி, பருப்பு, ஆட்கள். கீழே வருவது ஏலக்காய், மிளகு, முன்பு தேயிலையும். ஊரின் வருமானம் முழுவதும் இறக்கத்தில்தான் வருகிறது. அதனால் இந்தச் சரிவின் வரலாறு என்பது ஒரு வகையில், பாரத்தோடு கீழே வருகிற ஒன்றை எப்படி அடக்கிக் கொண்டுவருவது என்பதன் வரலாறு.

ரோடு வருவதற்கு முன்னால் தலைச்சுமையாகவும், பொதிமாட்டிலும், கழுதை முதுகிலும் இறங்கியது. கால் உள்ள எதற்கும் இறக்கம் பெரிய பிரச்சினை இல்லை, ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். சக்கரம் வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது.

1877-ல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு தேயிலைத் தோட்டங்கள் வந்தன. விளைந்த தேயிலையை வெளியே கொண்டுபோக வேண்டுமே? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் ஒரு ரயில் (!) போட்டார்கள். 1908-ல் அதை இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதையாக மாற்றினார்கள். அது மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை வரும். அதற்கு மேல் மலை செங்குத்தாக விழுகிறது. ரயிலும் இறங்க முடியாது, மாட்டு வண்டியும் இறங்க முடியாது. என்ன செய்தார்கள்? ரோப்வே கட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் சுமார் 5 கி.மீ. தூரம் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வந்து சேர்ந்தன. அந்த இடத்துக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி.

அதாவது அந்தக் காலத்து இன்ஜினியர்கள் இந்தச் சரிவின் மிகச் செங்குத்தான இடத்தில் சக்கரத்தை நம்பவே இல்லை. பாரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்கள். 1924-ல் வந்த பெருவெள்ளத்தில் (மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099) மூணாறின் ரயில்பாதை அழிந்தது. 1928 நவம்பரில் மதுரையிலிருந்து ரயில் போடி வரை வந்தது. இந்த 1928 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மலையை இறங்கும் வேலை கடைசியில் மோட்டார் வண்டியிடம் வந்து சேர்ந்தது. ரோப்வேக்குக் கம்பி இருந்தது. லாரிக்கு என்ன இருக்கிறது?

இறக்கத்தின் கணக்கு

போடிமெட்டுக்கும் போடி ஊருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1000 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 2000 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த நிலையாற்றல் சூத்திரம்தான். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2 கோடி ஜூல் வரும்.

2 கோடி ஜூல் என்றால் எவ்வளவு? சாதாரண வெப்பத்தில் இருக்கும் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பெரிய அண்டா ஒன்று. இன்னொரு விதமாகச் சொன்னால், முக்கால் மணி நேரத்தில் இறங்குகிறீர்கள் என்றால் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏழு, முக்கால் மணி நேரமும் இடைவிடாமல் எரிவதற்குச் சமம். 10 டன் லாரி என்றால் ஐந்து மடங்கு, 300 லிட்டர் தண்ணீர்.

இந்தச் சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதிக்கு இரண்டே வழி: ஒன்று பிரேக், இன்னொன்று இன்ஜின்.

எல்லாவற்றையும் பிரேக் தலையில் கட்டினால் என்ன ஆகும்? டிரம் சூடாகி விரிந்து, ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங் சூடேறி அதன் பிடிப்பு குறையும். பிரேக் ஆயிலுக்கும் ஒரு கொதிநிலை உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பழையதானபின் அதுவே 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி வரும். திரவத்தை அழுத்த முடியாது, ஆனால் ஆவியை அழுத்தலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்று செய்தியில் படிக்கிறோமே, பல சமயம் பிரேக் உடைந்திருக்காது. வெந்துபோயிருக்கும்.

ஆக, மலை இறங்கும்போது சூட்டின் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு வண்டி கியரில் இருந்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அந்த இழுவைக்கு வண்டியின் வேகம் செலவாகிறது. கியர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இன்ஜின் சுற்ற வேண்டும், அவ்வளவு பிடிப்பு. இதுதான் கீழ் கியரின் வேலை. ஆனால் அந்தக் கீழ் கியருக்கு வருவது இருக்கிறதே, அதுதான் நூறு வருஷக் கதை.

பல்லோடு பல் மோதிய காலம்

1890-களின் ஆரம்பத்தில் பிரான்சில் பனார், லெவாசர் என்ற இருவரின் கம்பெனி கார் செய்துகொண்டிருந்தது. அதில் எமில் லெவாசர் கொண்டுவந்ததுதான் நாம் இன்று கியர்பாக்ஸ் என்று சொல்வதன் மூதாதை. வேறு வேறு அளவுள்ள பல்சக்கரங்களைத் தண்டில் நகர்த்தி, சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடுவது. முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது என்று அவரே சொன்னதாக ஒரு கதை உண்டு.

1898-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு, 21 வயது லூயி ரெனோ தான் செய்த சின்னக் காரை பாரிஸில் மோன்மார்த் குன்றின் மேல் ஏறும் லெபிக் தெருவில் ஓட்டிக் காட்டினார். அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பலர் கார் கேட்டார்கள். ரெனோ கம்பெனி பிறந்த கதை அது. மேல் கியரில் இன்ஜினின் சுழற்சியை நேராகவே பின்னால் அனுப்பும் அவருடைய கியர்பாக்ஸ் அமைப்பை எல்லோரும் பின்பற்றினார்கள். கவனித்தீர்களா? இங்கேயும் புகழ் ஏற்றத்துக்குத்தான்.

இந்தப் பழைய கியர்பாக்ஸில் மேல் கியருக்குப் போவது ஓரளவு சுலபம். கிளட்சை மிதித்துச் சற்றுப் பொறுத்தால் உள்ளே சுற்றும் தண்டு தானாகவே வேகம் குறைந்து சரியான இடத்துக்கு வந்துவிடும். கீழ் கியருக்கு வருவது அப்படி இல்லை. எவ்வளவு நேரம் பொறுத்தாலும் அந்தத் தண்டு தானாக வேகம் கூடாது. டிரைவர்தான் கூட்ட வேண்டும்.

ஒரு உதாரணம். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1600 சுற்று சுற்றுகிறது. வண்டியின் வேகம் மாறாமல் இரண்டாம் கியருக்கு வந்தால் 2400 சுற்று வேண்டும். அந்த 800 சுற்று எங்கிருந்து வரும்?

இங்கேதான் 'டபுள் கிளட்ச்' வருகிறது. முதலில் கிளட்சை மிதித்து லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவா. கிளட்சை விடு. இப்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டு, இன்ஜினோடு சேர்ந்து உள்தண்டும் வேகமெடுக்கும். மறுபடி கிளட்சை மிதித்து லிவரை இரண்டாம் கியரில் போடு. கிளட்சை விடு. சரியாகச் செய்தால் லிவர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். தப்பாகச் செய்தால் 'கர்ர்ர்' என்று தெரு முழுக்கக் கேட்கும்.

சமவெளியில் இந்தச் சத்தம் வெறும் அவமானம். மலையில் அப்படி இல்லை. இறக்கத்தில் மூன்றாம் கியரை விட்டு வந்தாயிற்று, இரண்டாவது விழவில்லை. வண்டி இப்போது நியூட்ரலில். ஒவ்வொரு நொடியும் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட இரண்டாம் கியருக்கு இன்னும் அதிகச் சுற்று வேண்டும், அதனால் இன்னும் விழாது. மூன்றாவதும் திரும்பக் கிடைக்காது. எதிரே அடுத்த வளைவு. பழைய டிரைவர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியரைப் போட்டுவிட்டுத்தான் மூக்கைக் கீழே காட்டுவார்கள் என்பதன் காரணம் இதுதான்.

1928

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். போடிக்கு ரயில் வந்த அதே 1928-ல், அமெரிக்காவில் கேடிலாக் கம்பெனி தன் புதிய கார்களில் 'சிங்க்ரோமெஷ்' கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. கண்டுபிடித்தவர் எர்ல் ஆவரி தாம்ப்ஸன். யோசனை எளிது. பற்கள் கோத்துக்கொள்ளும் முன்பு, கூம்பு வடிவ வளையம் ஒன்று உரசி இரண்டு பக்கத்தின் வேகத்தையும் சமமாக்கிவிடும். அதற்குப் பிறகுதான் பல் உள்ளே போகும். சத்தம் போயிற்று. 1950-களில் போர்ஷே தன்னுடைய 356 காரில் இதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தது. பிறகு படிப்படியாக எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கீழ் கியருக்கு வரும்போது இரண்டு இடத்தில் வேகம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, கியர்பாக்ஸுக்குள் பல்லுக்கும் பல்லுக்கும். இன்னொன்று, கிளட்சில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும். சிங்க்ரோமெஷ் முதல் சண்டையைத்தான் தீர்த்துவைத்தது. இரண்டாவது சண்டையை டிரைவரிடமே விட்டுவிட்டது. லிவர் சத்தமில்லாமல் விழுந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்துக் கிளட்சைப் படக்கென்று விட்டால், 1600-ல் இருக்கும் இன்ஜினைச் சக்கரங்கள் 2400-க்கு இழுக்க வேண்டியிருக்கும். வண்டி குலுங்கும், முன்னால் சாயும், ஆட்கள் முன்சீட்டில் முட்டிக்கொள்வார்கள். மழையில் நனைந்த வளைவில், பின்சக்கரம் இழுக்கும் ஜீப்பாக இருந்தால் பின்சக்கரம் ஒரு கணம் பிடிப்பை இழந்து வழுக்கும். ஏலமலையில் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பஞ்சமே இல்லை.

சத்தம் போனதும் டபுள் கிளட்ச் போனது சரி. அதோடு சேர்ந்து அந்த ஆக்ஸிலரேட்டர் தட்டும் போனதுதான் நஷ்டம்.

லாரியும் ஜீப்பும்

நம் ஊருக்கு இந்த மாற்றம் மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டெல்கோ, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு லாரி செய்ய ஆரம்பித்தது. 1940-களின் கடைசியில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. அந்தக் கால லாரிகள் பலவற்றில் சிங்க்ரோமெஷ் கிடையாது. வில்லிஸ் ஜீப்புக்கு மூன்று கியர், அதில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. அம்பாசடரிலும் பியட்டிலும் அப்படித்தான், முதல் கியருக்கு மட்டும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் வேண்டும் என்றால் ஒன்று நிறுத்த வேண்டும், இல்லை டபுள் கிளட்ச் போட வேண்டும்.

அதனால் இந்த வித்தை கேடிலாக்குக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நம் மலைகளில் உயிரோடு இருந்தது. எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததில்லை. கிளீனராகச் சேர்ந்த பையன் டிரைவரின் காலைப் பார்த்தும், இன்ஜின் சத்தத்தைக் கேட்டும் கற்றுக்கொண்டது. ஏற்றத்தில் வண்டி நின்றால் இறங்கி ஓடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதும் அதே பையன்தான். ('முட்டுக்கட்டை போடுகிறான்' என்று இன்று திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். மலை ரோட்டில் அது உயிர் காக்கும் வேலை.)

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம் ஒரே வரி: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. தமிழ்நாட்டில் எந்த மலை ரோட்டு டிரைவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

ஒரு கணவாயில் தப்பியவர்

இறக்கத்தின் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1931-ல் அமெரிக்காவில் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் தன்னுடைய டீசல் இன்ஜின் பூட்டிய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போனார். இன்று உலகம் முழுக்க இருக்கும் கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி அவர் பெயரில் உள்ளதுதான். கலிபோர்னியாவில் கஜோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிட்டது. கீழே ரோட்டைக் கடந்து ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி தாண்டவும் லாரி தண்டவாளத்தைக் கடக்கவும் சரியாக இருந்தது.

அந்த அனுபவம் அவரை விடவில்லை. டீசல் இன்ஜினில் ஒரு குறை உண்டு. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் காற்று போகும் வழி அடைபடும், அதனால் இன்ஜின் திணறி வண்டியைப் பிடிக்கும். சாதாரண டீசலில் அந்தக் கதவு இல்லை, பிடிப்பு குறைவு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்மின்ஸ் இதற்கு விடை கண்டார். இன்ஜின் காற்றை அழுத்தி முடித்த கணத்தில் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடுவது. அழுத்தச் செலவழித்த சக்தி திரும்பி வராது, வண்டி அடங்கும். 1961-ல் ஜேக்கப்ஸ் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் லாரி, பஸ்களில் அதிகம் பார்ப்பது இதன் எளிய உறவுக்காரன், புகைபோக்கும் குழாயை அடைக்கும் 'எக்ஸாஸ்ட் பிரேக்'. மலை இறங்கும் பஸ் 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடுவது கேட்டிருப்பீர்கள்.

எந்த பிரேக் வந்தாலும் ஒன்று மாறவில்லை. இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் இவை பிடிக்கும். அதாவது கீழ் கியரில் இருந்தால்தான்.

பழைய விதி ஏன் இன்று போதாது

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஏறின கியரில் இறங்கு என்ற விதி பொன்னான விதி. ஆனால் அது எந்த வண்டியை வைத்து எழுதப்பட்டது? டீசல் அம்பாசடரின் இன்ஜின் 40 குதிரைத்திறன்கூட வராது. வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இன்ஜின் 2.2 லிட்டர், சுமார் 60 குதிரைத்திறன். ஆட்களோடு போடிமெட்டு ஏற வேண்டும் என்றால் இரண்டாம் கியர், வளைவில் முதல் கியர், வேறு வழியே இல்லை. அதனால் இறங்கும்போதும் தானாகவே அந்தக் கியர் சரியாக அமைந்தது.

இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினே 100 குதிரைத்திறனைத் தொடுகிறது. மூன்றாம் கியரில் சிரித்துக்கொண்டே ஏறும். ஆனால் இன்ஜினின் பிடிப்பு டர்போவைப் பொறுத்தது இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் டர்போவுக்கு வேலையே இல்லை, மிச்சமிருப்பது அந்த ஒரு லிட்டர்தான். ஏறும்போது பெரிய இன்ஜின், இறங்கும்போது சின்ன இன்ஜின். ஏறின மூன்றாம் கியரிலேயே இறங்கினால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், கால் பிரேக்கிலேயே இருக்கும், கணக்கில் பார்த்த அந்த இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் பிரேக்கில் எரியும். விதி தப்பில்லை. விதிக்குக் காரணமான வண்டி மாறிவிட்டது. ஏறிய கியரைவிட ஒன்று குறைத்து இறங்க வேண்டிய வண்டிகள் இன்று நிறைய.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று சிலர் சொல்வதும் அப்படித்தான். கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால், கம்ப்யூட்டர் உள்ள இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்கிறது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். அதைவிட மோசம், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது. பிரேக்குக்கு உதவும் வாக்குவமோ காற்றழுத்தமோ இன்ஜினிலிருந்துதான் வருகிறது. நாலு முறை மிதித்தால் தீர்ந்துவிடும்.

சரியாக இறங்குவது எப்படி?

பழைய டிரைவர்களின் பாடத்தை இன்றைய வண்டிக்கு மாற்றி எழுதினால் இப்படி வரும்:

1. கியரை வளைவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வளைவுக்குள் போனபின் கிளட்சை மிதிப்பது, பிடித்திருந்த கையை விடுவது மாதிரி.

2. முதலில் பிரேக், பிறகு கியர். நேரான பகுதியிலேயே பிரேக் போட்டு, கீழ் கியருக்கு ஏற்ற வேகத்துக்கு வாருங்கள். வேகத்தோடு கீழ் கியரில் திணித்தால் இன்ஜின் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சுற்றும்.

3. கிளட்சை மிதித்து லிவரை மாற்றும் அதே நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஒரு தட்டு. இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறியதும் கிளட்சை மெதுவாக விடுங்கள். உள்ளே இருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியக் கூடாது. தெரிந்தால் தட்டு பற்றவில்லை, அல்லது கூடிவிட்டது.

4. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். தேவைப்படும்போது அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். இடைவெளியில் பிரேக் ஆறும்.

5. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டமும்தான். சரியான கியரில் இருப்பவனால்தான் நினைத்த இடத்தில் நின்று வழிவிட முடியும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். 'டி'யிலேயே போட்டு இறங்கினால், பல வண்டிகள் வேகம் கூடியதும் தானாக மேல் கியருக்குப் போய்விடும். மேனுவல் நிலைக்கோ 'எல்' நிலைக்கோ மாற்ற வேண்டும். மின்சாரக் கார்கள் இறக்கத்தின் சக்தியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகின்றன, ரோப்வேக்குப் பிறகு வந்த நல்ல யோசனை. ஆனால் பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்தச் சக்தியை வைக்க இடமில்லை. மலை உச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

யாருக்காக இதெல்லாம்?

சுற்றுலா போகிறவர்களுக்கு இது வருஷத்தில் ஒரு நாள் விஷயம். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி ரோட்டில் விபத்துகள் கூடியதால், 2018-ல் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கவே தடை போட்டார்கள். ஏறுவதற்கு அல்ல, இறங்குவதற்கு. போலீஸுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் போடியில் இது தினசரி விஷயம். போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறுகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து காய் பறித்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். ஜீப்பில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும் விபத்து நடப்பதும் செய்தியில் அடிக்கடி வருகிறது. நம் கணக்கை வைத்தே பாருங்கள். 2000 கிலோ ஜீப்பில் இன்னும் ஐந்து பேர், 300 கிலோ என்றால், பிரேக்கோ இன்ஜினோ விழுங்க வேண்டிய சூடு 15 சதவீதம் கூடுகிறது. அதுவும் எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், பல நாள் மழையில், பனியில்.

அந்த ஜீப்புக்குள் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்ந்து வருகிற ஒரு அம்மாவுக்கு லெவாசரும் தெரியாது, கேடிலாக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு தட்டு தெரிந்திருந்தால் போதும். டிரைவிங் ஸ்கூல்களில் எட்டுப் போடக் கற்றுக் கொடுக்கிறோம், ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக் கொடுக்கிறோம். மலையடிவாரத்து ஊர்களிலாவது இறங்கக் கற்றுக் கொடுப்பதையும் பாடத்தில் சேர்க்கலாம். கிளீனர் பையனாக இருந்து கற்றுக்கொண்ட கடைசித் தலைமுறை டிரைவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.